போலித் தோட்டாவும் வெறுஞ்சூட்டுப் பயிற்சியும்

துப்பாக்கி என்றதும் வெடியோசையே முதலில் நினைவுக்கு வருகின்றது. ஆயினும், துப்பாக்கி சுடுவதிலே தேர்ச்சி பெற விரும்புவோரின் பயிற்சியிற் கணிசமான பகுதி ஓசையின்றியே நடைபெறுகின்றது. 2024 ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில், இந்திய வீராங்கனை மனு பாக்கர் பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவிலே தனியாகவும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்தும் இரண்டு வெண்கலப் பதக்கங்களைப் பெற்றார். அச்செய்தியைக் கேட்டோர், இத்தகைய வெற்றிக்கு எத்தனை ஆயிரம் குண்டுகள் செலவாகியிருக்கும் என்று எண்ணி வியந்திருத்தல் கூடும். அவ்வகைப் போட்டித் துப்பாக்கிகளில், குண்டு எதுவும் இன்றி விசையை மட்டும் இழுத்துப் பழகுவதற்கென்றே தனி அமைப்பொன்று வைக்கப்பட்டிருப்பதைப் பலர் அறியார்.

வெடிக்கத்தக்க தோட்டா எதுவும் இல்லாத துப்பாக்கியைக் கையிலேந்தி, குறிபார்த்து, விசையை இழுத்து, 'கிளிக்' என்னும் சிற்றொலியோடு முடித்துக்கொள்ளும் இப்பயிற்சியை ஆங்கிலேயர் 'டிறை பயர்' என்பர். தமிழில் இதனை வெறுஞ்சூட்டுப் பயிற்சி எனலாம். படைவீரர், பொலிஸார், போட்டியாளர், உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் ஆகிய யாவர்க்கும் இது பொதுவானது. 2020 ஆம் ஆண்டிலே கொள்ளைநோயின் பொருட்டுப் பல நாடுகளிற் சுடுதளங்கள் மூடப்பட்டபோது, போட்டியாளர் பலர் தம் கைத்திறன் மங்காது காத்துக்கொள்ள இப்பயிற்சியையே நாடினர். இதற்குச் செலவு குறைவு. பெரிய இடமும் வேண்டுவதில்லை. ஆயினும், இதற்கெனக் கடைகளில் விற்கப்படும் போலித் தோட்டாக்களும் துணைக்கருவிகளும் இன்று பலப்பல. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதற்கு விற்பவரின் விளம்பரம் போதிய விடையாகாது. ஏனெனில், இவ்விடயத்தில் ஏற்படும் தவறு பணத்தை மட்டுமன்றி உயிரையும் கொண்டுபோகக் கூடியது.

முதலில், வெறுந்துப்பாக்கியை வைத்துக்கொண்டு பழகுவதால் என்ன பயன் என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளல் நன்று. கைத்துப்பாக்கி மிகக் குறுகிய கருவி. அதன் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 160 மில்லிமீற்றர் எனக் கொள்வோமாயின், முன்குறி ஒரேயொரு மில்லிமீற்றர் விலகினாலும், 25 மீற்றருக்கு அப்பால் உள்ள இலக்கிலே குண்டு 156 மில்லிமீற்றர் விலகிப் போய்ப் படும். அத்தூரத்துக்குரிய நுண்குறி இலக்கின் பத்துப் புள்ளி வட்டமோ 50 மில்லிமீற்றர் விட்டமுடையது. அவ்வட்டத்தின் நடுவை நோக்கிச் சுடும் ஒருவர், குறியை ஆறில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விலகவிட்டால், பத்தைத் தவறவிடுவார். இனி, விசையின் கடினத்தையும் நோக்குக. பொலிஸாரும் படையினரும் வைத்திருக்கும் பல கைத்துப்பாக்கிகள் தோட்டா இன்றி ஏறத்தாழ 700 கிராம் நிறையுடையன. அவற்றின் விசையை இழுப்பதற்கோ ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் வலு வேண்டும். பொருளின் நிறையைவிட மூன்று மடங்குக்கும் மேற்பட்ட வலுவை ஒரு விரலால் அதன்மீது செலுத்தி, அப்பொருளை மயிரிழையும் அசையாமல் வைத்திருத்தல் எளிதன்று.

இத்துடன் மற்றுமோர் இடையூறும் உண்டு. வெடியோசையும் பின்னுதைப்பும் வரப்போகின்றன என்பதை உடல் அறியும். ஆதலின், அவை வருமுன்னரே கை தன்னையறியாமல் இறுகுகின்றது, கண் இமைக்கின்றது, குழல்வாய் தாழ்கின்றது. உண்மைத் தோட்டாவைச் சுடும்போது இக்குற்றம் வெடியின் அதிர்ச்சியில் மறைந்துவிடும். சுட்டவர் துப்பாக்கியின் மேலோ தோட்டாவின் மேலோ பழியைச் சுமத்தி அமைதி கொள்வார். வெறுந்துப்பாக்கியிலே மறைப்பதற்கு எதுவும் இல்லை. விசை விடுபடும் கணத்தில் முன்குறி எங்கே நின்றது என்பது கண்ணெதிரே தெரிகின்றது. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழி இங்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

இம்முறை புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, பிரித்தானிய, அமெரிக்கப் படைகளிற் புதிதாகச் சேர்ந்தோருக்கு, மருந்தும் குண்டும் இல்லாத துவக்கிலே தீமூட்டிச் சிமிழ் ஒன்றை மாத்திரம் பொருத்திக் கொடுப்பர். எரியும் மெழுகுவர்த்தியைக் குழல்வாய்க்கு அண்மையில் வைத்து, அதன் சுடரை நோக்கி விசையை இழுக்கச் செய்வர். சிமிழ் வெடித்துக் குழல்வழி வரும் காற்று நேராகப் பாய்ந்தாற் சுடர் அணையும். கை அசைந்திருந்தாற் சுடர் அணையாது நின்று எரியும். சிறிய செலவில், செய்த பிழையை அக்கணமே சொல்லிவிடும் ஆசிரியராக அம்மெழுகுவர்த்தி விளங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குழலுக்குள்ளே ஒரு கோலைச் செருகி, விசை விடுபடும்போது அக்கோல் முன்னே பாய்ந்து சிறு கடதாசி இலக்கிலே துளையிடும்படி அமைந்த கருவியொன்று அமெரிக்காவில் வழக்கிலிருந்தது. இன்றைய லேசர்க் கருவிகள் யாவும் அம்மெழுகுவர்த்திக்கும் அக்கோலுக்கும் பேரப்பிள்ளைகளே.

துப்பாக்கி வெறுமையாய் இருந்தாற் போதுமெனின், போலித் தோட்டா எதற்கு? அதற்கு மூன்று காரணங்கள் உள. முதலாவது, ஊசியைக் காப்பது. தோட்டாவின் தீமூட்டியிலே மோதி நிற்க வேண்டிய ஊசி, அங்கே எதுவும் இல்லாதபோது தன் தடுப்பிலேயே மோதுகின்றது. பலமுறை இவ்வாறு மோதினாற் சில துப்பாக்கிகளில் ஊசியோ, அதனைத் தாங்கும் முளையோ முறியக்கூடும். இரண்டாவது, தோட்டாக்களை மகசீனில் அடுக்குதல், மகசீனை மாற்றுதல், சிக்கிய தோட்டாவை வெளியேற்றுதல் ஆகிய கைவேலைகளைப் பழகுவது. பல கைத்துப்பாக்கிகளில், வெறும் மகசீனை இட்டு மேற்பாகத்தைப் பின்னே இழுத்தால், அது பின்னேயே பூட்டிக்கொண்டு நின்றுவிடும். போலித் தோட்டா உள்ளே இருந்தாலன்றி முன்னே வராது. மூன்றாவது, முன்னர்க் கூறிய கையதிர்ச்சியைச் சுடுதளத்திலே வெளிப்படுத்துவது. இம்மூன்றில் எது தமக்குத் தேவை என்பதைத் தீர்மானித்த பின்னரே ஒருவர் கடைக்குச் செல்லல் வேண்டும்.

தேர்வின் அடிப்படை விதி ஒன்று உண்டு. உலகத்திலே பெரும்பாலான போலிப் பொருள்களின் சிறப்பு, உண்மையானதைப் போலத் தோன்றுவதில் இருக்கின்றது. போலித் தோட்டாவின் சிறப்போ அதற்கு நேர்மாறானது. துப்பாக்கிக்கு அது உண்மைத் தோட்டாவாகவே இருத்தல் வேண்டும். மனிதனின் கண்ணுக்கோ எவ்விதத்திலும் உண்மைத் தோட்டாவாகத் தோன்றலாகாது. அளவும் வடிவும் துப்பாக்கிக்கு; நிறமும் அடையாளமும் கண்ணுக்கு. இவ்விரண்டும் இடம் மாறியபோது நேர்ந்த துயரங்களைத் திரைப்பட வரலாறு பதிந்து வைத்திருக்கின்றது.

1993 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வில்மிங்டன் நகரிலே 'த குரோ' என்னும் திரைப்படத்தின் படப்பிடிப்பு நடைபெற்றது. சுழல் துப்பாக்கியொன்றை அண்மையிலிருந்து படம்பிடிப்பதற்கு, உண்மையானவை போலத் தோன்றும் தோட்டாக்கள் தேவைப்பட்டன. உண்மைத் தோட்டாக்களைப் பிரித்து, வெடிமருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மீண்டும் பொருத்திப் போலித் தோட்டாக்கள் ஆக்கினர். ஆனால், அடியிலிருந்த தீமூட்டியை அகற்றவில்லை. பின்னர் யாரோ விசையை இழுத்தபோது, அத்தீமூட்டியின் சிறு வெடிப்பு குண்டைக் கோதிலிருந்து தள்ளிக் குழலுக்குள்ளே சிக்கவைத்தது. அதனை எவரும் கவனித்திலர். அதன்பின் அதே துப்பாக்கியில் ஓசைத் தோட்டா இடப்பட்டுச் சுடப்பட்டபோது, குழலிற் சிக்கியிருந்த குண்டு வெளியே பாய்ந்தது. நடிகர் பிரண்டன் லீ மார்ச் 31 ஆம் நாள் உயிர்நீத்தார்.

இருபத்தெட்டு ஆண்டுகளின் பின்னர், 2021 ஒக்டோபர் 21 ஆம் நாள், நியூ மெக்சிகோ மாநிலத்திலே 'றஸ்ட்' என்னும் திரைப்படத்தின் ஒத்திகையில், ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் குண்டு பட்டு இறந்தார். அங்கே போலித் தோட்டாக்களோடு உண்மைத் தோட்டாக்களும் கலந்து கிடந்தன. திரைப்படத்துக்குரிய போலித் தோட்டாவிலே பக்கத்தில் ஒரு துளை இருக்கும்; அல்லது குலுக்கினாற் கலகலவென்று ஒலிக்கும் சிறு உருண்டை உள்ளே இருக்கும். அன்றி, பார்வைக்கு அது உண்மையானதே. ஒவ்வொன்றையும் எடுத்துக் குலுக்கிப் பார்க்கும் பொறுமை ஒரு நாள் தவறினாற் போதும். அப்படப்பிடிப்பின் ஆயுதப் பொறுப்பாளர் 2024 ஆம் ஆண்டிலே நீதிமன்றத்தாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்.

இவ்விடத்தில் ஒரு சொல்லையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓசைத் தோட்டா வேறு. போலித் தோட்டா வேறு. ஓசைத் தோட்டாவிலே குண்டு இல்லையாயினும் வெடிமருந்து உண்டு. அதிலிருந்து பீறிடும் வாயு அண்மையில் உள்ளவரைக் கொல்ல வல்லது. 1984 ஆம் ஆண்டிலே அமெரிக்க நடிகர் ஜோன் எரிக் ஹெக்சம், ஓசைத் தோட்டா இடப்பட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தம் நெற்றிப் பொட்டிலே வைத்துச் சுட்டு, அக்காயத்தால் இறந்தார். வெறுஞ்சூட்டுப் பயிற்சியில் ஓசைத் தோட்டாவுக்கு எள்ளளவும் இடமில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து தேர்வுக்குரிய முதல் விதிகள் தாமாகவே பிறக்கின்றன. போலித் தோட்டா சிவப்பு, செம்மஞ்சள், நீலம் முதலிய பளிச்சென்ற நிறமுடையதாய், மங்கிய வெளிச்சத்திலும் பித்தளைத் தோட்டாவினின்று வேறுபட்டுத் தெரிதல் வேண்டும். படைகளிற் பயன்படும் பயிற்சித் தோட்டாக்களின் கோதிலே துளைகளோ நெடுக்குப் பள்ளங்களோ இடப்பட்டிருப்பதும் இதற்காகவே. இருளிலும் விரல் அவற்றைத் தடவி அறியும். தீமூட்டியும் வெடிமருந்தும் என்றுமே வைக்கப்படாத, பயிற்சிக்கென்றே வார்க்கப்பட்ட பொருளாகவும் அது இருத்தல் வேண்டும். உண்மைத் தோட்டாவைப் பிரித்து வீட்டிலே செய்துகொள்ளும் போலி, எத்துணைக் கவனமாகச் செய்யப்பட்டதாயினும், தள்ளத்தக்கது. சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கோதும் பொருத்தமற்றது. அதன் தீமூட்டி ஏற்கெனவே குழிந்துவிட்டதால் ஊசிக்கு அணையாக நில்லாது. பின்னே இருந்து பார்த்தால் உண்மைத் தோட்டாவாகவும் தோன்றும்.

அடுத்து, அளவு. போலித் தோட்டா துப்பாக்கிக் குழலிற் பொறிக்கப்பட்டுள்ள தோட்டா வகைக்கே உரியதாய் இருத்தல் அவசியம். உலகெங்கும் மிகப் பரவலாக வழங்கும் ஒன்பது மில்லிமீற்றர் பரபெல்லம் தோட்டாவை எடுத்துக்கொண்டால், அதன் கோது 19.15 மில்லிமீற்றர் நீளமும், தோட்டா முழுவதும் 29.69 மில்லிமீற்றர் நீளமும் உடையது. போலித் தோட்டா இதனினும் குறுகியதாயின் மகசீனிலிருந்து எழும்போது தலைசாயும். நீண்டதாயின் மகசீனுக்குள்ளேயே உராய்ந்து நிற்கும். ஒன்பது மில்லிமீற்றர் என்ற ஒரே பெயரால் வேறு குறுகிய தோட்டாக்களும் வழங்குவதால், பெயரை முழுதாக வாசித்தே வாங்குதல் வேண்டும்.

பொருளைப் பொறுத்தவரை மூன்று வகைகள் பெரும்பான்மை. முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆனது மலிவானது, எடை குறைந்தது. ஆனால், அதன் விளிம்பை இழுகொக்கி பலமுறை பற்றி இழுக்கும்போது அது சிதைந்து, சிறு துண்டுகள் துப்பாக்கியின் உள்ளே தங்கலாம். அடிப்பாகம் பித்தளையாலும் மேற்பாகம் நிறமூட்டிய ஒளிபுகும் பிளாஸ்டிக்காலும் ஆனதில் விளிம்பு உறுதியானது. உள்ளிருக்கும் வில், ஊசியின் மோதலைத் தாங்கிக்கொள்ளும். ஆயினும், பலமுறை வேகமாக ஏற்றி இறக்கினால் இரண்டு பாகங்களும் பிரிய இடமுண்டு. அலுமினியத்தைக் கடைந்து, நிறமேற்றி, தீமூட்டியின் இடத்தில் றப்பர் போன்ற மெத்தையைப் பதித்துச் செய்தது விலை கூடியது, நெடுநாள் உழைப்பது. இவற்றுள் ஊசியைக் காப்பதற்கென அணை வைக்கப்பட்டதைத் 'சினாப் காப்' என்ற பெயராற் கேட்டு வாங்கலாம். மகசீனை ஏற்றி இறக்கிப் பழகுவதற்கு மட்டுமெனின், அணையில்லாததும் போதும்.

நிறையும் கருதத்தக்கது. உண்மையான ஒன்பது மில்லிமீற்றர் தோட்டா ஏறத்தாழ 12 கிராம் நிறையுடையது. அலுமினியப் போலி அதனினும் மிக இலேசானது. விசைப் பயிற்சிக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. ஆனால், மகசீன் தன் பாரத்தால் தானே கீழே விழ வேண்டிய விரைவு மாற்றுப் பயிற்சிக்கு, நிறை கூடிய போலித் தோட்டாக்கள் உண்மை நிலையை அண்மித்து நிற்கும். எண்ணிக்கையைப் பொறுத்தமட்டில், விசைப் பயிற்சிக்கு ஒன்றிரண்டும், மகசீன் மாற்றும் பயிற்சிக்கு ஆறு முதற் பன்னிரண்டும் ஒருவருக்குப் போதியன. எத்தனை வாங்கினாலும் எண்ணிக்கை நினைவில் இருத்தல் வேண்டும். விளிம்பு தேய்ந்தது, அணை குழிந்தது, நிறம் உதிர்ந்தது ஆகியவற்றை மனமிரங்காது கழித்துவிடல் வேண்டும்.

இனி, எல்லாத் துப்பாக்கிக்கும் போலித் தோட்டா இன்றியமையாததா எனின், அன்று. தீமூட்டி நடுவே அமைந்த தோட்டாவுக்குரிய இக்காலக் கைத்துப்பாக்கிகளுட் பெரும்பாலானவை, வெறும் அறையிலே விசையை இழுப்பதைத் தாங்குவன. எனினும், உற்பத்தியாளரின் கைந்நூல் என்ன கூறுகின்றதோ அதுவே முடிவு. பழைய துப்பாக்கிகளைப் பற்றி அவ்வாறு கூறவியலாது. செக்கோஸ்லோவாக்கியப் படைக்கென 1950களில் உருவான சி. இசட். 52 என்னும் கைத்துப்பாக்கியின் ஊசி, வெறுஞ்சூட்டில் எளிதில் முறிவதற்குப் பெயர்போனது. அத்தகையவற்றுக்குப் போலித் தோட்டா கட்டாயம் வேண்டும்.

புள்ளி இருபத்திரண்டு அளவுடைய சிறு தோட்டாவின் நிலை வேறு. அதன் தீமூட்டி நடுவில் இல்லாது விளிம்புக்குள்ளே பரவியிருக்கும். ஆதலின், ஊசி விளிம்பிலேயே மோதும். தோட்டா இல்லாதபோது அவ்வூசி அறையின் ஓரத்தையே தாக்கி அதனை நசுக்கிவிடக் கூடும். அவ்வாறு நசுங்கினால், பின்னர்த் தோட்டா சரிவரப் பொருந்தாது. இந்த அளவுக்கென விற்கப்படும் அலுமினியப் போலிகளுட் சில, ஏற்றி இறக்கிப் பழகுவதற்கு மட்டுமே உரியன. அடுத்தடுத்து ஊசியடி பட்டால் அவற்றின் மெல்லிய விளிம்பு விரைவிலே குழிந்து பயனற்றுப்போகும். வாங்குமுன் பொதியிலே எழுதியிருப்பதை வாசித்தல் இங்கு மிக அவசியம். விளையாட்டுச் சூட்டினர் சிலர், சுவரிலே திருகாணி பொருத்துவதற்குப் பயன்படும் சிறு பிளாஸ்டிக் செருகியை இதற்குக் கையாள்வதும் உண்டு. அது மஞ்சளோ சிவப்போ ஆகையால் தோட்டாவென்று மயங்குவதற்கு இடமில்லை, விலையும் அற்பம். ஆயினும், இங்கும் கைந்நூலின் சொல்லே முந்தியது.

போலித் தோட்டாவின் மிகச் சிறந்த பயன் வீட்டிலன்று, சுடுதளத்திலேயே கிடைக்கின்றது. பயிற்றுநர் ஒருவர், பயில்பவர் காணாதவாறு, உண்மைத் தோட்டாக்களின் இடையே ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களையும் மகசீனிலே கலந்து அடுக்கிக் கொடுப்பார். எது வெடிக்கும், எது வெடிக்காது என்பதைப் பயில்பவர் அறியார். போலித் தோட்டா வந்த முறையில் வெடி எழாது. ஆனால், வெடியை எதிர்பார்த்த கை குழல்வாயைக் கீழே தள்ளுவது வெளிப்படையாகத் தெரியும். ஆயிரம் அறிவுரைகளால் ஏற்காத குற்றத்தை ஒருவர் அக்கணமே ஏற்றுக்கொள்வார். முன்குறி அசையாமல் நிற்கும்வரை இதனைத் தொடர்வதே முறை. இது சுடுதளத்தில், காதுக்கும் கண்ணுக்கும் காப்பணிந்து, பொறுப்பாளரின் பார்வையில் மட்டுமே நடத்தற்குரியது. முடிவிலே போலித் தோட்டாக்களை எண்ணிப் பொறுக்கித் தனிப் பெட்டியில் இடல் வேண்டும். ஒரே பையில் இரண்டும் கலந்து வீடு திரும்பினால், நியூ மெக்சிகோவில் நிகழ்ந்தது எவ்வீட்டிலும் நிகழலாம்.

ஏனைய துணைக்கருவிகளை ஆராயும்போது, 'இக்கருவி எந்தக் கேள்விக்கு விடை தருகின்றது?' என்று கேட்பதே நல்ல உரைகல். மிகச் சிறந்த கருவிகளுள் ஒன்றிற்கு விலை ஒரு நாணயமே. முன்குறியின்மேல், அல்லது அதன் அருகே துப்பாக்கியின் மேற்றட்டில், ஒரு நாணயத்தை வைத்து விசையை இழுத்தால், அது விழாது நிற்குமாயின் கை அசையவில்லை என்பது பொருள். வெண்மையான வெறுஞ்சுவரும் ஒரு கருவியே. இலக்கு இல்லாதபோது கண் முன்குறியை விட்டு அலைய இடமில்லை. இலக்கு வேண்டுமெனின், தூரத்துக்கேற்பச் சுருக்கி வரைந்துகொள்ளலாம். 25 மீற்றர் இலக்கை ஐந்து மீற்றர் நீளமுள்ள அறையிலே வைப்பதாயின், எல்லா அளவுகளையும் ஐந்தில் ஒன்றாக்க வேண்டும். அப்போது 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள கருவட்டம் 40 மில்லிமீற்றராகவும், பத்துப் புள்ளி வட்டம் 10 மில்லிமீற்றராகவும் குறையும்.

விரைவைப் பழகுவோர்க்கு நேரக்கருவி உதவும். ஒலிம்பிக்கின் விரைவுச் சூட்டுப் போட்டியில் ஐந்து இலக்குகளை எட்டு, ஆறு, நான்கு செக்கன்களுக்குள்ளே சுட வேண்டியிருக்கின்றது. குறித்த நேரத்திலே தொடக்க ஒலியையும் முடிவொலியையும் எழுப்பும் கருவி அதற்குப் போதும். ஆனால், சுத்தியல் இல்லாது ஊசியே வில்லாற் பாயும் பல துப்பாக்கிகளில், ஒருமுறை 'கிளிக்' என்றபின் மேற்பாகத்தைச் சிறிது பின்னிழுத்தாலன்றி விசை மீண்டும் உயிர்பெறாது. இக்குறையை நீக்க, விசையைத் தானே மீட்கும் சிறப்பு மகசீன்கள் சில வகைத் துப்பாக்கிகளுக்கு விற்கப்படுகின்றன. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கும் பயிற்சிக்கு மட்டுமெனின், நீலமோ சிவப்போ நிறமுடைய, அசையும் உறுப்புகள் அற்ற வார்ப்புத் துப்பாக்கியே யாவற்றிலும் பத்திரமானது.

லேசர்த் தோட்டா இன்று பலரையும் கவர்கின்றது. பற்றரியோடு கூடிய இச்சிறு கருவியைத் தோட்டா அறையில் இட்டு விசையை இழுத்தால், ஊசி அதன் பின்புறத்தைத் தட்ட, ஒரு கணம் சிவந்த ஒளி பாய்ந்து சுவரிலே தோன்றும். ஒளி ஒரு புள்ளியாய் நின்றாற் கை அமைதியாய் இருந்தது. கோடாய் நீண்டால் அசைந்தது. தொலைபேசியின் கமெராவைக் கொண்டு புள்ளிகளைப் பதிவு செய்வோரும் உளர். ஆயினும், இதிலே ஓர் ஆபத்து உண்டு. பயில்பவரின் கண் முன்குறியை விட்டுச் சுவரில் ஒளிப்புள்ளியைத் தேடத் தொடங்கிவிடும். எங்கே பட்டது என்பதை லேசர் சொல்லும். ஏன் அங்கே பட்டது என்பதைச் சொல்லாது. அதற்கு விடை தருவன, துப்பாக்கியிலே பொருத்திய உணரியின் வழியாக, விசை விடுபடுமுன்னும் பின்னும் குறி அலைந்த பாதையைக் கணினித் திரையில் வரைந்து காட்டும் கருவிகள். ரஷ்யாவிலே தோன்றிய 'ஸ்கட்' அவற்றுட் புகழ்பெற்றது. ஆயின், அவை விலை மிக்கன. போட்டியாளர்க்கே பெரிதும் உரியன.

எந்தக் கருவியாயினும், துப்பாக்கி வெறுமையானது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. குழல் முழுவதையும் அடைத்து, அறையில் உண்மைத் தோட்டா நுழையவே இடமில்லாதபடி செய்யும் பளிச்சென்ற பிளாஸ்டிக் அடைப்புகள் இதற்கென விற்கப்படுகின்றன. விசைப் பயிற்சி செய்வோர்க்கு இவை நல்ல காப்பு. ஆனால், அடைப்பையோ லேசர்த் தோட்டாவையோ அகற்ற மறந்து சுடுதளத்திலே உண்மைத் தோட்டாவைச் சுட முற்பட்டாற் குழலும் கையும் சிதையும். ஆதலின், பயிற்சி முடிந்ததும் அவற்றை எடுத்துவிடல் வேண்டும்.

கருவிகளின் தேர்வு எவ்வளவு முக்கியமோ, அதனினும் முக்கியமானது பயிற்சியின் ஒழுங்கு. பயிற்சிக்கு ஓர் அறையையும் ஒரு நேரத்தையும் ஒதுக்குதல் வேண்டும். உண்மைத் தோட்டா யாவும் வேறோர் அறையிலே பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். மகசீனை அகற்றியபின் அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, மகசீன்களையும் ஒவ்வொரு போலித் தோட்டாவையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். தொலைபேசி மணி முதலியவற்றால் இடையிலே கவனம் கலைந்தாற் சோதனையை முதலிலிருந்து செய்தல் வேண்டும். குழல்வாய் நோக்கும் திசையிலே, குண்டு வந்தாலும் தாங்கவல்ல சுவர் இருத்தல் வேண்டும்; மெல்லிய மரத்தட்டியும் கதவும் ஆகா. லேசர் ஒளியை எவர் கண்ணிலும் படவிடலாகாது.

யாவற்றினும் ஆபத்தான நேரம் பயிற்சியின் நடுவன்று, அதன் முடிவே. பயிற்சி முடிந்தது என்று எண்ணி உண்மைத் தோட்டாவை மீண்டும் இட்ட ஒருவர், 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று பழக்கத்தால் விசையை இழுக்கின்றார். நூறுமுறை 'கிளிக்' என்ற துப்பாக்கி நூற்றோராம் முறை வெடிக்கின்றது. இதனைத் தவிர்க்க, பயிற்சி முடிந்ததென்று வாய்விட்டுச் சொல்லி, இலக்கைச் சுவரிலிருந்து கழற்றி, போலித் தோட்டாக்களை எண்ணிப் பெட்டியில் இட்டு, சிறிது நேரம் வேறு வேலையில் ஈடுபடும்படி பயிற்றுநர் அறிவுறுத்துவர். பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். சோர்வோடு செய்யும் பயிற்சி பிழையையே பழக்கும். துப்பாக்கியையும் தோட்டாவையும் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், போலிப் பொருளையும் லேசர்க் கருவியையும் வாங்குமுன் அவ்வந்நாட்டு அதிகாரிகளிடம் விசாரித்துக்கொள்வதும் அறிவுடைமை.

இவ்வாறு நோக்குமிடத்து, வெறுஞ்சூட்டுப் பயிற்சிக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சிலவே என்பது புலனாகும்: துப்பாக்கிக்குப் பொருந்திய, கண்ணை ஏமாற்றாத சில போலித் தோட்டாக்கள், ஒரு வெண்சுவர், ஒரு நாணயம். ஏனையவை தேவைக்கேற்பச் சேர்வன. விலை கூடிய கருவியை வாங்கியவர் அனைவரும் நன்றாகச் சுடுவோராகிவிடுவதில்லை. பூட்டிய பெட்டியின் திறப்பை வேறிடத்தில் வைத்து, அறையை விரலால் தடவிப் பார்த்து, ஒவ்வொரு 'கிளிக்' ஒலியிலும் முன்குறி நின்ற இடத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்பவரே, வெடியோசை எழும் நாளிலும் கை நடுங்காதவர்.